நான் பேசப் பேச எரிந்த முட்டை

போன வாரம் கவியரசி போன் செய்தாள். ஓசூரில் நான் வேலை பார்த்த ஆய்வகத்தில், நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். அந்த நாற்காலிக்கு இடது கை ஆடும். அதைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே நான் ஓய்வு பெற்றேன். அவள் சேர்ந்த மறுவாரமே ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்து முடுக்கிவிட்டாள் என்று கேள்வி. அந்த மாதிரிப் பெண்.

"சார், புது மிஷின் வந்துடுச்சு. முட்டைய உள்ள வச்சு மூடிட்டா அதுவே ஒரே ஒரு தடவை பாத்து அதுவே நம்பர் போட்டுடுது. யாரும் குனிஞ்சு பாக்க வேணாம். புதுசா சேந்தவங்களுக்கு ஒரு வகுப்பு வைக்கிறோம். நீங்க வந்து அந்த எரியற முட்டைக் கதைய ஒரு தடவை சொல்லணும் சார். நீங்க சொன்னா சிரிச்சு சிரிச்சே மனசுல நிக்கும்."

"வர்றேம்மா" என்றேன். ரிட்டயர் ஆனவனை மேடைக்குக் கூப்பிட்டால் வேறு என்ன சொல்வான். போனை வைத்த பிறகு, கண்ணாடி முன்னால் நின்று கதையை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நன்றாகத்தான் வந்தது. அவ்வளவு நன்றாக வந்ததுதான் உறுத்தியது. மறுநாள் அவளைக் கூப்பிட்டு, வரவில்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அப்படி எழுதியதுதான் இது.

முதலில் என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓசூரில் எல்லோரும் எதையாவது செய்கிறார்கள். ஒருவர் கியர் செய்கிறார், ஒருவர் வண்டி பூட்டுகிறார், ஒருவர் பசுமைக்குடிலில் ரோஜா வளர்த்துப் பெட்டியில் அடுக்குகிறார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "நீங்க எந்தக் கம்பெனி, என்ன புரொடக்சன்?" என்று கேட்பார். "கடல் மீன் முட்டை" என்பேன். அவர் சாம்பாரைப் பிசைவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலுக்கு ஒரு நீண்ட பயணம் இருக்கும் ஊரில், தொழிற்பேட்டைக்குள் தகரக்கூரை போட்ட கட்டடத்தில், கடல் மீன்கள் வாழ்ந்தன என்றால் யார் நம்புவார்கள்? அவற்றைப் பார்க்காமல் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

விஷயம் இதுதான். கப்பலுக்குப் பெயின்ட் செய்கிறவர்கள், கடலில் மீன் வளர்க்கும் வலைக்கூண்டுக்கு முலாம் செய்கிறவர்கள், இப்படிக் கடைசியில் கடலில் போய்ச் சேரும் சரக்கைத் தயாரிக்கிறவர்கள் அது மீன் கருவைக் கெடுக்குமா கெடுக்காதா என்று சோதித்துச் சான்று வாங்க வேண்டும். அந்தச் சோதனையை நாங்கள் செய்தோம். எங்கள் மீன் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். கழிமுகத்து உப்பு நீரில் வாழும் ஜாதி. காலையில் விளக்குப் போட்டதும் முட்டையிடும். பெண்மீன் அந்த முட்டைகளைத் திராட்சைக் கொத்து மாதிரி வயிற்றோடு ஒட்டவைத்துக்கொண்டு சுற்றும். முட்டை கண்ணாடி போலத் தெளிவு. உள்ளே கரு வளர்வதை, கண் கறுப்பதை, இதயம் துடிக்கத் தொடங்குவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். மறைக்க எதுவும் இல்லாத பிராணி. எங்களைப்போல அல்ல.

நான் கோவில்பட்டிப் பக்கம். விலங்கியல் படித்துவிட்டு வேலை தேடி ஓசூருக்குப் பஸ் ஏறியவன். என் ஆரம்ப வருடங்களை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: டிரம் கழுவினேன். உப்பு மூட்டையைப் பிரித்து, சுத்திகரித்த தண்ணீரில் கரைத்து, கடல் தயாரித்தேன். எங்கள் கடல் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மில் இருந்தது. மார்கழிக் குளிரில் ஹீட்டர் போடாவிட்டால் விறைத்துவிடும்.

அப்புறம் தேவராஜன் சார் வந்தார். எங்கள் ஆய்வகத்துக்குத் தலைவர். அதற்கு முன் நெடுங்காலம் ஒரு கியர் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவர். உட்காரவே மாட்டார். நாள் முழுக்க நின்றபடியே வேலை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாரையும் 'வாங்க, போங்க' தவிர வேறு மாதிரி அழைத்ததில்லை. டிரம் கழுவும் பையனையும்தான். கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்தால் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்துக்குச் சாய்த்து, ஒரு கண்ணை இடுக்கிப் பார்ப்பார். கியரின் பல்லைப் பார்த்த பழக்கம். வேலை நன்றாக இருந்தால் "சரி" என்பார். அதற்கு மேல் அவரிடம் பாராட்டு கிடையாது. சரியில்லையென்றால் "இன்னொரு தடவை பாத்துடுங்க" என்பார். அதற்கு மேல் அவரிடம் திட்டும் கிடையாது.

அவர் கொண்டுவந்த சட்டத்துக்கு நாங்கள் வைத்த பெயர் மூணு கண் சட்டம். தொழிற்சாலையில் நல்ல கியரை ஒருவர் பார்த்தால் போதும், தாண்டிப் போய்விடும். சந்தேகப்பட்ட கியரை மூன்று பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மூவரும் ஒத்துக்கொண்டால்தான் அது பழுது. அதையே முட்டைக்கும் கொண்டுவந்தார். "ஒருத்தர் கண்ணு தப்பாப் பாக்கலாம். மூணு பேர் கண்ணும் ஒரே மாதிரி தப்பாப் பாக்காதுங்க" என்றார். அதில் குறை சொல்ல எங்கள் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஓசூரில் பிறந்து வளர்ந்த நியாயம் அது. இந்த ஊரில் பாதிப் பேர் பொருளைப் பார்த்துத் தரம் சொல்லிச் சோறு தின்கிறவர்கள்.

இப்போது அந்த எரிகிற விஷயம். ஆக்சிஜன் இல்லாமல் உயிர் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள். அதே ஆக்சிஜனில் அடங்காத சில வகைகள் உண்டு என்பதை ரொம்பக் காலம் கழித்துத்தான் சொல்கிறார்கள். ஆங்கில எழுத்தில் ஆர்.ஓ.எஸ். என்போம். கிரைண்டர் ஓடினால் பொறி தெறிக்கும் இல்லையா, அதுமாதிரி செல்லுக்குள் மூச்சு வேலை நடக்கும்போது தெறிக்கிற பொறி இது. கரு வளரும்போது கொஞ்சம் தெறிக்கத்தான் செய்யும். வேலை நடக்கிறது என்று அதற்கு அர்த்தம். இதயம் உருவாகிற நேரத்தில் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ளவும் அந்தப் பொறி உதவுகிறது என்கிறார்கள். அளவு மீறினால் பட்டறையே பற்றிக்கொள்ளும். முதுகு வளையும், இதயத்தைச் சுற்றி நீர் கோக்கும், குஞ்சு பொரிக்காது. ஆகவே ஒரு ரசாயனம் நல்லதா கெட்டதா என்று அறிய, அது கருவுக்குள் எத்தனை பொறி கிளப்புகிறது என்று பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு சாயம் இருக்கிறது. முட்டைகளை அதில் ஊறவைத்தால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அடங்காத ஆக்சிஜன் வந்து தொட்டால் அது மாறிப்போகும். மாறிய சாயம் நீல விளக்கின் கீழ் பச்சையாக ஒளிரும். எவ்வளவு பச்சையோ அவ்வளவு பொறி. சாயப் புட்டியின் மேல், வெளிச்சம் படாமல் வைக்கவும் என்று அச்சடித்திருக்கும். நாங்கள் ஒழுக்கமானவர்கள். புட்டிக்கு அலுமினியத்தாள் சுற்றினோம். கிண்ணத்துக்கு அலுமினியத்தாள் சுற்றினோம். அறை விளக்கை அணைத்து, ஜன்னலுக்குக் கறுப்புத்துணி தொங்கவிட்டோம். இத்தனையும் செய்துவிட்டு, முட்டையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, இந்தக் கட்டடத்திலேயே பிரகாசமான விளக்கை அதன்மேல் போட்டு, மூன்று பேர் முறைபோட்டுப் பார்த்தோம்.

இதில் வேடிக்கை என்னவென்று புரிந்துகொண்டவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிவிடலாம். எங்களுக்குப் புரிய நெடுநாள் ஆயிற்று.

முறை இப்படி. ரசாயனம் படாத, சுத்தமான கடல்நீரில் வளர்ந்த முட்டைகளும் உண்டு. ஒப்பிட வேண்டுமே. அவற்றை நாங்கள் நல்ல முட்டை என்போம். நல்ல முட்டையை ஒருவர் பார்ப்பார், படம் எடுப்பார், முடிந்தது. ரசாயனம் பட்டவை சந்தேகப்பட்டவை. முதலாமவர் பார்த்து எழுதுவார். இரண்டாமவர் வந்து குனிவார். மூன்றாமவர் தேநீர் குடித்துவிட்டு வருவார். அதுவரை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அணைத்துப் போட்டால் விளக்கின் ஆயுள் குறையும் என்று ஒரு நம்பிக்கை. மூவரும் பார்த்த பிறகு படம் எடுப்போம். அந்தப் படத்தின் பச்சைதான் சான்றிதழில் ஏறும்.

எங்கள் குழுவில் மஞ்சுளா இருந்தாள். பாகலூர். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ். கிருஷ்ணகிரியில் எம்.எஸ்சி. முடித்தவள், என்னைவிட நல்ல மதிப்பெண். ஒப்பந்த வேலையில் இருந்தாள். அந்த வருடம் எங்கள் பிரிவில் ஒருவரை நிரந்தரம் ஆக்குவதாக இருந்தது. மற்றவர்களின் ஒப்பந்தம் முடிந்துவிடும். அவள் மாமியார் வீட்டில், நிரந்தரம் ஆனால் வேலைக்குப் போ, இல்லையென்றால் ரோஜாத்தோட்டத்தில் பூக் கட்டப் போ என்று சொல்லியிருந்தார்களாம். அவளே ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள்: "முள்ளுக்கு மீன் முட்டை தேவல சார். இது குத்தாது."

மஞ்சுளாவுக்கு ஒரு தொந்தரவு இருந்தது. அந்த நீல விளக்கைக் கொஞ்சநேரம் பார்த்தால் ஒற்றைத் தலைவலி வந்துவிடும். ஆகவே குனிந்ததும் படத்தை எடுப்பாள், உடனே விளக்கை மறைத்துவிடுவாள். பிறகு கணினித் திரையில் சாவகாசமாகப் படத்தைப் பார்த்து எழுதுவாள். இரண்டாவது மூன்றாவது ஆளுக்கும் முட்டையைக் காட்ட மாட்டாள், படத்தைத்தான் காட்டுவாள். அவள் பார்த்த தொகுதிகளில் மட்டும் நல்ல முட்டைக்கும் சந்தேக முட்டைக்கும் பெரிய வித்தியாசமே வராது. இரண்டும் மங்கல். எங்கள் தொகுதிகளில் சந்தேகப்பட்டதெல்லாம் தீபாவளி.

தேவராஜன் சாருக்கு அது சங்கடமாக இருந்தது. "படம் வேணாங்க மஞ்சுளா. பொருளக் கொண்டாங்க. பொருளத்தான் பாக்கணும்" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டார். தலைவலி என்று அவள் சொன்னபோது கண் டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் கண்ணில் ஒன்றுமில்லை என்றார். அதுவே அவளுக்கு எதிராகப் போயிற்று.

அப்போது வந்த சரக்குதான் நஞ்சப்பாவுடையது. பாகலூர் ரோட்டில் சின்னத் தொழிற்கூடம் வைத்திருந்தார். கடல் கூண்டு வலையில் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்க ஒரு முலாம் கண்டுபிடித்திருந்தார். எங்கள் குழு அதைச் சோதித்தது. தீபாவளி. மஞ்சுளா சோதித்தாள். மங்கல். மூன்று கண் ஒரு பக்கம், ஒற்றைத் தலைவலி ஒரு பக்கம். முலாம் கருவைக் கெடுக்கும் என்று அறிக்கை போயிற்று.

அதையொட்டி ஒரு கூட்டம் நடந்தது. யாரை நிரந்தரம் ஆக்குவது என்பதும் அதே கூட்டத்தில். நாங்கள் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். தேவராஜன் சார் வழக்கம்போல் நின்றார். மஞ்சுளாவின் எண்கள் ஏன் மாறுகின்றன என்று அவளையே கேட்டார். நியாயமான கேள்வி, நியாயமான குரல். அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"சார், மொதல்ல பாக்கும்போது அது அவ்ளோ..." என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். சொல் தேடினாளா, தமிழில் தேடினாளா, தெரியாது.

அந்த இடைவெளி எனக்குப் போதுமானதாக இருந்தது. மேஜையில் இடைவெளி விழுந்தால் அதை நிரப்புவது என் கடமை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

"மஞ்சுளா கண்ணுக்கு எல்லா முட்டையும் நல்ல முட்டைதான் சார்" என்றேன். "தப்பான வேலைக்கு வந்துட்டா. கல்யாண புரோக்கரா போயிருக்கணும்."

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. தேவராஜன் சார்கூட மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; அவரளவில் அது வெடிச்சிரிப்பு. மஞ்சுளாவும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் குனிந்து பார்த்தபடி. சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கும்படி யாரும் கேட்கவுமில்லை.

"உங்க அபிப்ராயம் என்னங்க?" என்று சார் என்னைத் தனியாகக் கேட்டபோது, குழுவில் இன்னொரு ஒப்பந்த ஆளான பிரகாஷ் பெயரைச் சொன்னேன். பொறுமையாக, நெடுநேரம் குனிந்து பார்க்கக்கூடிய பையன். அவனும் நன்றாகத்தான் வேலை செய்தான். அதைச் சொல்ல வேண்டும்.

மஞ்சுளாவுக்கு அதற்குப் பிறகு எங்கள் ஆய்வகத்தில் பெயர் புரோக்கரம்மா. "புரோக்கரம்மா, இந்த மாப்பிள்ளை தேறுவானா?" என்று காய்ந்துபோன முட்டையைக் காட்டுவார்கள். அவளும் "ஜாதகம் கொண்டாங்க" என்பாள். நான் வைத்த பெயர் இப்படி ஓடுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஒப்பந்தம் முடிந்து அவள் போன அன்று நான் விடுப்பில் இருந்தேன். சானமாவுக் காட்டுப் பக்கம் ரோட்டில் யானை நிற்கிறது என்று காரணம் சொன்னேன். யானை உண்மையாகவே நின்றது. நான் அந்தப் பக்கம் போகவே வேண்டியதில்லை என்பதும் உண்மை.

அதற்குச் சில நாட்கள் கழித்து நஞ்சப்பா வந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று வாட்ச்மேன் முன்கூட்டியே சொல்லிவிட்டான். ஆள் சண்டைக்காரர் இல்லை. வெள்ளை வேட்டி, கையில் ஹெல்மெட், முகத்தில் தூக்கமில்லாத களைப்பு.

"சார், நான் படிச்சவன் இல்ல. எம் பொருள் கெட்டதுன்னா உட்டுடறேன். ஆனா எப்படிக் கெட்டதுன்னு ஒரு தடவை கண்ணுல காட்டுங்க. ஊருல கேக்கறாங்கல்ல."

கேட்க வேண்டுமா? தேவராஜன் சார் பின்னால் நிற்க, நான் இருட்டறையில் நாடகம் தொடங்கினேன். முதலில் நல்ல முட்டை. வித்தியாசம் புரிய வேண்டுமென்றால் நல்லதை முதலில் காட்ட வேண்டும் என்பது என் முறை. கிண்ணத்தை வைத்து விளக்கைப் போட்டேன். திரையில் மங்கலாக ஒரு உருண்டை, உள்ளே சுருண்ட கரு, துடிக்கிற புள்ளி.

"இது நல்ல குடும்பத்துப் பிள்ளை" என்றேன். அப்புறம் வாய் ஓடத் தொடங்கியது. கடல் எங்கள் டிரம்முக்கு வந்த கதை. ஹீட்டர் நின்ற கதை. கிரைண்டர்ப் பொறி. இதயத்துக்கு இரண்டு அறைதான், அதனால் அதற்கு வீட்டுப் பிரச்சினை இல்லை என்ற பழைய ஜோக். நஞ்சப்பா சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்காத ஆளிடம் நான் இன்னும் அதிகம் பேசுவேன். பேசினேன்.

"சார்" என்றார் கடைசியில். "எதுவும் தப்பா நினைக்காதீங்க. இதுதானே நல்ல முட்டை?"

"ஆமா."

"நீங்க பேச ஆரம்பிச்சப்ப இருட்டா இருந்துச்சு. இப்ப எரியுதே."

திரையைப் பார்த்தேன். நல்ல குடும்பத்துப் பிள்ளை தலையிலிருந்து வால்வரை பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. கடல்நீரைத் தவிர வேறு எதையும் தொடாத முட்டை.

என் வாய் நின்றது. நான் பேசாதது அந்த அறையின் சரித்திரத்தில் முதல் தடவை. தேவராஜன் சார் முன்னால் வந்து விளக்கை மறைத்தார். "புது முட்டைங்க" என்றார். வைத்தேன். "படம் எடுத்துட்டு உடனே மூடுங்க." எடுத்தேன், மூடினேன். மங்கல். "இப்ப தொறந்து வைங்க. பேசாதீங்க." திறந்தேன். அவர் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். எங்கள் கண்ணெதிரே அது மெல்ல மெல்லப் பச்சையாயிற்று. சாயத்தை மாற்றியது முலாம் இல்லை. எங்கள் விளக்கே மாற்றிக்கொண்டிருந்தது. கியரை எத்தனை பேர் பார்த்தாலும் கியர் அப்படியே இருக்கும். முட்டை அப்படி இல்லை. சந்தேகப்பட்டு மூன்று தடவை பார்த்ததால் அது எரிந்தது. எரிந்ததால் சந்தேகம் சரி என்று எழுதினோம்.

தேவராஜன் சார் நஞ்சப்பாவுக்கு நேராகத் திரும்பினார். "தப்பு எங்களுதுங்க. அறிக்கைய இன்னைக்கே வாபஸ் வாங்கறேன். திரும்ப நாங்களே பாத்துத் தர்றோம். ஒரு தடவை மட்டும் பாத்து." நஞ்சப்பா ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "அப்ப கெட்டது இல்லீங்களா?" என்றார். "தெரியாதுங்க. பாத்தாத்தான் தெரியும்" என்றார் சார். பிறகு பார்த்தோம். கெட்டதில்லை.

அவர் போனதும் சார் அன்றுவரை நான் பார்த்திராத ஒரு காரியம் செய்தார். உட்கார்ந்தார்.

"மஞ்சுளா எங்க வேலை செய்றாங்க?" என்றார்.

விசாரித்தேன். கைபேசி உதிரிபாகம் பூட்டும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தாள். மாலை ஷிப்ட் முடியும் நேரத்துக்கு இருவரும் போனோம். போனில் சொல்லலாமே என்றேன். "வேணாங்க, நேர்ல" என்றார். வாசலில் கம்பெனி பஸ்கள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. நீலச் சீருடையில் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர்களில் ஒருத்தி மஞ்சுளா. எங்களைப் பார்த்ததும் மிரண்டுவிட்டாள். எதையாவது திருப்பிக் கொடுக்காமல் வந்துவிட்டோமோ என்று.

"என்னா சார், ரெண்டு பேரும்?"

"இங்க என்ன வேலைங்க?" என்றார் சார்.

"பேக்கிங் சார். பொட்டியில போடறது." கொஞ்சம் தயங்கினாள். "செக்கிங்லதான் எடுத்தாங்கோ. அப்பறம் மாத்திட்டாங்கோ. நம்ம லேப்ல யாரோ சொல்லிக் கேட்டு, பஸ்ல வர்ற பொண்ணு ஒண்ணு பழைய பேரச் சொல்லிடுச்சு. இவ எல்லாத்தையும் பாஸ் போட்டுடுவா, புரோக்கரம்மான்னு. தமாசுக்குத்தான் சொல்லுச்சு. லைன் லீடர் காதுல உழுந்துடுச்சு." என்னைப் பார்த்து, என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னாள்: "நீங்க சொன்னது தமாசுன்னு எனக்குத் தெரியும் சார். அவங்களுக்குத் தெரியாதுல்ல."

சார் லைன் லீடர் யார் என்று கேட்டார். கூட்டத்தில் நின்ற ஒரு பெண்ணை மஞ்சுளா காட்டினாள். சார் அந்தப் பெண்ணையும் பக்கத்தில் அழைத்தார். பஸ் ஏறப் போன நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள். நடுவில் நின்று, ஆய்வறிக்கை படிக்கிற அதே குரலில் சொன்னார்: "இவங்க பார்வை சரியா இருந்துச்சு. எங்க மூணு பேர் பார்வையும் தப்பு. இவங்கள அனுப்பினதும் தப்பு. எங்க இடம் நிரம்பிடுச்சு, அதத் திருப்பித் தர இப்ப எங்கிட்ட வழி இல்ல. அடுத்த இடம் வந்தா முதல்ல இவங்களத்தான் கூப்பிடுவேன். இவங்க நல்லதுன்னா அது நல்லதுங்க." மஞ்சுளாவைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க" என்றார். அவ்வளவுதான். மொத்தமும் ஒரு பஸ் திரும்பும் நேரம்கூட இல்லை.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இப்போது என் முறை. வருகிற வழியெல்லாம் நான் தயார்செய்து வைத்திருந்தேன். நாலே சொல். வாயைத் திறந்தேன்.

"இனிமே நான் பேசறப்பல்லாம் லைட்ட அணைச்சுடச் சொல்லிட்டேம்மா. என் பேச்சுக்கு முட்டையே பத்திக்குது" என்றேன்.

சிரித்தார்கள். லைன் லீடர் சிரித்தாள், பஸ் பெண்கள் சிரித்தார்கள். மஞ்சுளாவும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து, புது அடையாள அட்டையைப் பார்த்தபடி. தேவராஜன் சார் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைக்கவுமில்லை.

அந்த ஜோக்தான் வளர்ந்து எரிகிற முட்டைக் கதை ஆயிற்று. வருகிற ஒவ்வொரு புதியவருக்கும் சொன்னேன். வாடிக்கையாளர்களுக்குச் சொன்னேன். சம்பந்தி வீட்டில் சொன்னேன். என் பிரிவுபசார விழாவில் சொன்னபோது ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்தார். என்னை நானே கேலி செய்துகொள்கிற கதை என்பதால் எல்லோரும் என்னை அடக்கமானவன் என்றார்கள். அதில் நான் கோமாளி, நஞ்சப்பா புத்திசாலி, முட்டை கதாநாயகி. மஞ்சுளா வருவதில்லை. அவளைக் கொண்டுவந்தால் சிரிப்பு எங்கே விழும் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் முதலிலேயே எடுத்துவிட்டேன். கவியரசி கேட்ட கதையும் அதுதான். அவள் பேரில் தவறில்லை, அவளுக்கு வேறு கதை தெரியாது.

சார் வாசலில் சொன்னதைக் கேட்டு அந்த லைன் லீடர் மஞ்சுளாவை மறுபடி செக்கிங்கில் போட்டதாகப் பிறகு தெரிந்தது. எங்களிடம் அடுத்த இடம் வந்தபோது சார் தானே போய்க் கூப்பிட்டார். "இங்கியே பழகிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டாளாம். அவளுக்கு அங்கே என்ன பெயர் என்று நான் விசாரிக்கவில்லை.

அன்று வாசலில் நடந்த இன்னொன்றை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை. சிரிப்பெல்லாம் ஓய்ந்து, மஞ்சுளா பஸ் படியில் கால் வைக்கப் போனபோது பின்னாலேயே போனேன்.

"அன்னைக்கு மீட்டிங்ல என்னவோ சொல்ல வந்தியேம்மா. 'மொதல்ல பாக்கும்போது'ன்னு ஆரம்பிச்சே. என்ன அது?"

படியில் நின்று உண்மையாகவே யோசித்தாள். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள்.

"ஞாபகம் இல்லீங்க சார்" என்றாள். "நீங்க சொன்னதுதான் ஞாபகம் இருக்குது."